கால் வராத அறை

தலவாக்கலையில், ரயில் கடவைக்கு மேலே
என் கடை.
போட்டோ கொப்பி, பாஸ்போட் படம், ரீலோட்.
திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு முக்காலி,
கொழும்பில் பாதி விலைக்கு வாங்கிய
கண்ணை மூடும் அந்தப் பெட்டி.
நெற்றிப் பட்டையில்
முன்பு யாரோ பூசிய தலையெண்ணெய்
இன்னும் மணக்கிறது.

வெள்ளி இரவு ஒன்பதுக்கு
ஆளுக்குப் பத்து நிமிடம்.
காசு இல்லை.
மழைக்கோட்டை வெளியே தொங்கவிட வேண்டும்,
அவ்வளவுதான்.

உள்ளே எங்களுக்கு ஓர் அறை இருக்கிறது.
தெஹிவளைக் கடையொன்றில் துணி மடிக்கும்
மருதவீரன் கட்டியது.
அளவு கேட்டதாம் அது;
யோசிக்காமல் பத்துக்குப் பன்னிரண்டு
என்று அடித்துவிட்டான்.
“இங்கயும் லயமாடா?”
என்று ஸ்டெல்லாமேரி சிரித்த சிரிப்பில்
எல்லோரும் சேர்ந்து சுவரைத் தள்ளினோம்.
தள்ளத் தள்ளப் போனது.
எங்கே நிறுத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை.
ஏழு பேர்ச் என்றது ஒரு குரல்.
பத்து என்றது இன்னொன்று.
கோத்தகிரிக்குப் போன வகையில் பிறந்த
நேரில் நான் பார்த்தேயிராத ரெங்கேஸ்
மெதுவாகக் கேட்டான்:
“யாருகிட்ட கேக்குறீங்க?”

பிறகும் கொஞ்ச நேரம்
யாரும் தள்ளவில்லை.

அங்கே இடுப்புக்குக் கீழே எங்களுக்கு ஒன்றுமில்லை.
கம்பனி இன்னும் கால் கொடுக்கவில்லையாம்.
“எந்தக் கம்பனிதான் கேட்டதும் குடுத்துச்சு”
என்றாள் யோகமலர்.
ஐந்தாம் நம்பர் மலையில்
நாள் முழுக்க ஏறி இறங்கியவள்,
முக்காலியில் உட்கார்ந்து
காற்றில் மிதந்துகொண்டிருந்தாள்.
“காலு இல்லன்னா அட்டையும் இல்ல!”

திரைச்சீலைக்கு இந்தப் பக்கம்
அவள் கெண்டைக்காலில்
ஓர் அட்டை குடித்துத் தடித்துக்கொண்டிருந்தது.
பார்த்தேன். சொல்லவில்லை.
அவளுக்கு இன்னும்
நாலு நிமிடம் இருந்தது.

அப்போதுதான் குவைத்திலிருந்து
புவனலோஜினி வந்தாள்.
அவளிடம் பெட்டி இல்லை. கைபேசிதான்.
எஜமான் வீட்டுக் குளியலறையில்
குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்
குரலை ஒளித்துப் பேசுவாள்.
எங்களுக்கெல்லாம் முன்னும் பின்னும் இருக்க
அவள் மட்டும் தட்டையாக வந்து நிற்பாள்,
கதவில் ஒட்டிய தேர்தல் படம் மாதிரி.
திரும்ப முடியாது.
நேரே இருப்பது மட்டும் தெரியும்.

“யாராச்சும் இருக்கீங்களா?
எனக்கு வெறுஞ் செவருதான் தெரியிது.”

நாங்கள் அவள் முதுகுப் பக்கம் இருந்தோம்.

அறை அவ்வளவு பெரிதாகிவிட்டது அல்லவா;
கடந்து வர நேரம் எடுத்தது.
மருதவீரன் முதலில்,
ரெங்கேஸ், ஸ்டெல்லாமேரி,
கால் வராத உடம்புகள் ஒவ்வொன்றாக மிதந்து
அவள் பார்வை விழும் அந்த ஒரு துண்டு இடத்தில்
ஒருவர் தோளுக்குள் ஒருவர் தோள் புதைய
நெருக்கியடித்து நின்றன.
அளந்தால்
பத்துக்குப் பன்னிரண்டுகூட வராது.

“ஆ,” என்றாள்.
பிறகு, “அங்க மழையா?”
“இல்லடி. ஒன் கொழாச் சத்தம்.”

நான் மேலே பார்த்தேன்.
என் கடைத் தகரத்தில்
மழை அடித்துக்கொண்டுதான் இருந்தது.

நிமிடக் கணக்கை அன்று நான் விட்டுவிட்டேன்.
அவளாகக் குழாயை மூடினாள்;
குளியலறைக் கதவை யாரோ தட்டியிருக்க வேண்டும்.
அவள் நின்ற இடம் காலியானது.
யோகமலர் பெட்டியைக் கழற்றினாள்,
இரண்டு கண்ணைச் சுற்றியும் சிவந்த வளையம்.
கால்விரலால் துழாவிச் செருப்பைத் தேடியபோது
தரையில் ரத்தம் பார்த்தாள்.
“எப்ப ஏறிச்சு இது?”
சவர்க்காரத் துண்டு கொடுத்தேன்.

கடைசி பஸ் போயிருந்தது.
மேல் டிவிசனுக்கு நாலு கட்டை.
மழைக்கோட்டை உதறி மாட்டிக்கொண்டு
படியிறங்கியவள் திரும்பி,
“அடுத்த வெள்ளி அவ வர்றதுக்கு முந்தியே
அந்தப் பக்கமாப் போயி நிக்கணும்,
எல்லார்கிட்டயும் சொல்லிருங்க” என்றாள்.
கைபேசி வெளிச்சம்
வளைவுவரை தெரிந்தது.